கோப்பை இப்போது எந்த ஊருக்கு?

2016 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டி.என்.பி.எல். இறுதிப்போட்டியில், சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் நொறுக்கியது தூட்டி பேட்ரியாட்ஸ். அடுத்த வருஷமும் இறுதி வரை போய்த் தோற்றது. தொடர் நாயகன் விருது மட்டும் அந்த அணியின் வாஷிங்டன் சுந்தருக்கு வந்தது. கொரோனாவால் 2020 தொடர் நடக்கவில்லை. 2021-ல் பட்டியலைப் பார்த்தால் தூத்துக்குடியைக் காணோம். அந்த இடத்தில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ். அதே சமயத்தில் காஞ்சி அணி நெல்லைக்கும் காரைக்குடி அணி திருப்பூருக்கும் பெயர்ந்தன. பஸ்ஸில் போர்டு மாற்றுகிற மாதிரி.

"இதுல என்னல நஷ்டம்? அவனுவ நம்ம ஊர்ல ஒரு மேட்ச்கூட ஆடலயே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆட்டங்கள் சென்னையிலும் நத்தத்திலும் நெல்லை சங்கர் நகரிலும் நடந்தன. தூத்துக்குடிக்காரன் 'சொந்த' மேட்ச் பார்க்க ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறணும். கடற்கரை ஊர்களில் கிரிக்கெட்டைவிட ஃபுட்பாலுக்குத்தான் மவுசு என்பதும் தெரிந்ததே.

ஆனால் என் புகார் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மைதானம் தரவில்லை, அணியில் பங்கு தரவில்லை, முடிவெடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டது பெயரை மட்டும். டிவியில் 'தூட்டி' என்று வந்ததும் துபாயிலும் கப்பலிலும் இருந்த நம்ம பயலுவ குரூப்பில் கத்தினார்களே, அந்தச் சத்தம் ஸ்பான்சருக்குக் காட்ட உதவியிருக்கும். கணக்கு முடிந்ததும் போர்டைக் கழற்றியாயிற்று. முதலாளி நஷ்டத்தில் அணி நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விற்கட்டும். ஊர்ப் பெயரையும் அதோடு சேர்த்துத் தூக்கியெறியும் உரிமையை லீக் ஏன் கொடுக்கிறது?

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓரிரு விதிவிலக்குகள் தவிர, ஃபுட்பால் கிளப்பில் பாதிக்கு மேல் வாக்கு உறுப்பினர்கள் கையில் இருக்கணும். 2024 தொடக்கத்தில் லீக்கின் வருமானத்தில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு தர முயன்றபோது, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசி வீசியே ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

நமக்கும் இது அந்நியமான யோசனை இல்லை. 'பேட்ரியாட்ஸ்' என்றதும் இந்த ஊரில் யார் ஞாபகம் வரும்? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 போட்டு, பத்து லட்சம் திரட்டத் திட்டமிட்டார். கம்பெனி பிழைக்கவில்லை. அவர் சிறையில் இருக்கும்போதே கலைந்தது. கப்பல் எதிர்த்துப் போராடிய வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விலை போனது. பங்கு இருந்தால் எல்லாம் தப்பிவிடும் என்றில்லை. ஆனால் அந்த விற்பனையைக் கேட்டு, 'எங்க கப்பலை யாரைக் கேட்டு வித்தீங்க' என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

2016 கோப்பையை இப்போது யார் கணக்கில் எழுதுவது? சேலத்தில் எழுதினால், அந்த இரவில் சேலத்தில் ஒருத்தரும் இந்த அணிக்காக விழித்திருக்கவில்லை. விழித்திருந்த ஊருக்கு இன்று அணி கிடையாது.