பாட்டுத் தங்கியது, நாடகம் போயிற்று

புனேயில் வாழும் தமிழருக்கு ஒரு நன்மை உண்டு. இசை நாடகம் ஏளனத்துக்குரியதன்று என்பதை நம் அண்டை வீட்டாரே கற்பித்துவிடுகின்றனர். அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1880இல் தம் 'சங்கீத சாகுந்தல'த்தை அரங்கேற்றியது இந்நகரில்தான். ஈராண்டு கழித்து வந்த அவருடைய 'சங்கீத சௌபத்ர'த்தை மராட்டியர் இன்றும் ஆடுகின்றனர். வானவடியிலிருந்து நகருக்குள் சென்று அதைக் காணும் நம் அன்பர்கள், "தமிழில் இப்படி என்ன இருக்கிறது?" என்று என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இவ்வுரை.

சௌபத்ரத்தில் பலராமன் தன் தங்கை சுபத்திரையைத் துரியோதனனுக்குக் கொடுக்க எண்ணுகிறான். கண்ணன் சூழ்ச்சி செய்கிறான். அருச்சுனன் துறவி வேடத்தில் வருகிறான். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'பவளக்கொடி'யிலும் இதே அருச்சுனன், இதே கண்ணன்! அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன தந்தை அங்கே ஒரு மணமும் முடித்துக்கொள்கிறான். தியாகராஜ பாகவதர் 1934இல் திரைக்கு வந்ததும் இக்கதையின் வழியேதான். ஆயினும் ஒன்று காவியம் எனப்படுகிறது. மற்றொன்று திருவிழாவில் விடிய விடிய நடப்பது என்று ஒதுக்கப்படுகிறது.

காரணம் எளிது. நம் விமரிசகர் அச்சிட்ட ஏட்டில் நாடகத்தைத் தேடினர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தின் உயிரோ ஏட்டில் பாதிதான். வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியமும் மிருதங்கமும் தொடங்கியபின் மேடையிலேயே இருவரும் தர்க்கம் செய்வார்கள். கேள்வி எங்கிருந்து வரும் என்பது எதிராளிக்குத் தெரியாது. புராணம், இலக்கணம், உலக வழக்கு யாவும் கைவசம் இருக்கவேண்டும். 'வள்ளி திருமண'த்தின் இத்தர்க்கத்துக்கு நிகரானதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பபூன் சிலவேளை எல்லை மீறிப் பேசுவார் என்பது மெய்தான். அதற்காக வள்ளியைக் கைவிடுவது முறையா?

ஆனால் நான் முதலில் பரிந்துரைப்பது கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திர'த்தையே. கதாகாலட்சேபத்துக்கென இயற்றப்பட்டுப் பின்னர் மேடைக்கும் திரைக்கும் வந்தது அது. கச்சேரிகளில் அதன் கீர்த்தனங்களைக் கேளாதார் இல்லை. அங்கேதான் தீங்கும் நேர்ந்தது. ஆண்டையின் முன் கைகட்டி நின்று ஓர் அடிமை விடை கேட்கும் பாட்டு, கச்சேரியில் வெறும் பக்திப் பாட்டாகிவிடுகிறது. கேட்பவன் யார், மறுப்பவன் யார் என்பது மறைந்துபோகிறது.

அந்த ஆண்டையாகிய வேதியர் சேக்கிழாரிடம் இல்லை. பாரதியார் படைத்த பாத்திரம். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று அவர் சொல்வதிலேயே நாடகம் பிறக்கிறது. விடை மறுப்பதைக் காட்டிலும் கொடிய விடையன்றோ அது! ஓரிரவில் வேலை முடிந்திருக்கக் கண்டு வேதியரே பணியாளனை வணங்குகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை எழுதத் துணிவு வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொற்பிழைகளைக் கண்டு முதலில் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பாட்டைக் கேட்டு மனமிரங்கியே தந்தார் என்பது வரலாறு. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே நந்தனார் கோயிலுக்குள் புக இயன்றது என்ற முடிவு இன்று நெஞ்சை உறுத்தும். உறுத்தட்டும். அதை வெட்டிவிட்டு மேடையேற்றுவதை நான் ஒப்பேன். நம் ஆண்டு விழாவில் வேதியரும் நந்தனாரும் எதிர்நிற்கும் ஒரு காட்சியையேனும், பாட்டைப் பிரிக்காமல், பிள்ளைகள் நடித்தால் போதும்.

மற்றொன்று, நமக்கே உரியது: தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) பெயரால் வழங்கும் 'தேவேந்திர குறவஞ்சி'. தமிழ்க் குறவஞ்சி வடிவத்தில் மராட்டி மொழியில் அமைந்தது. குறி சொல்ல வந்த குறத்தி, உலகப் பூகோளத்தையே பாட்டாகச் சொல்கிறாள்! நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் மராட்டியை விளக்க ஆள் தேவையில்லை. பெற்றோராகிய நமக்குத்தான் அவர்கள் பொருள் சொல்ல வேண்டியிருக்கும்.