ஆயுதமாகப் பிறந்தவன்

விஞ்ஞானக் கதை என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு. அவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. மாமியார் காப்பி டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே அந்த வீட்டின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளும் கூர்மை படைத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் கிரகங்களின் யுத்தத்தையும் கருவிகளின் பெயர்ப் பட்டியலையும் கொண்டுபோய்க் கொட்டினால், அலுப்புத் தட்டாமல் என்ன செய்யும்? இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று விளக்குவதிலேயே பாதிக் கதை போய்விடுகிறது. மனிதர்கள் பொத்தானை அமுக்குவதற்கென்று வந்து போகிறார்கள்.

அவர்களுக்குப் பிடிக்காதது விஞ்ஞானம் அல்ல, மனிதன் இல்லாத கதை என்பது என் அபிப்பிராயம். இதை உரைத்துப் பார்க்க நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் பிராட் பேர்ட் இயக்கிய 'தி அயர்ன் ஜயண்ட்' என்ற சித்திரப் படம் அது. இயந்திர மனிதன் கதை, அதிலும் கார்ட்டூன்! விலகிப் போவதற்கு ஒன்றுக்கு இரண்டாகக் காரணம் இருக்கிறது. ஆனாலும் விஞ்ஞானக் கதையை வெறுப்பவர்களுக்குத்தான் இதை முதலில் சிபாரிசு செய்வேன்.

கதை நடப்பது 1957 அக்டோபரில். ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானத்தில் சுற்றத் தொடங்கி, தலைக்கு மேலே யார் இருக்கிறார்களோ என்று அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்த மாதம். மெயின் மாநிலத்தில் கடலோரமாக ராக்வெல் என்ற சிற்றூர். அங்கே உணவு விடுதியில் பரிமாறிப் பிழைக்கும் தாய். அவளுக்கு ஹோகார்த் என்று ஒரே பிள்ளை. வீட்டில் அவன் தனியாக இருக்கும் இரவுகளே அதிகம். அப்படி ஓர் இரவில், மரங்களுக்கு மேலே தலை தெரியும் இரும்பு ராட்சதன் ஒருவன் மின்சாரக் கம்பிகளில் சிக்கித் துடிப்பதைக் காண்கிறான். ஓடியவன் பயந்து திரும்பி வந்து, மின்சாரத்தை நிறுத்தி அவனைக் காப்பாற்றுகிறான். சிநேகம் பிறக்கிறது.

ராட்சதன் எந்த உலகத்திலிருந்து வந்தான்? யார் செய்தார்கள்? எந்த விசையால் இயங்குகிறான்? ஒன்றுக்கும் பதில் கிடையாது. தலையில் விழுந்த அடியில் அவனுக்கே எல்லாம் மறந்து போயிருக்கிறது. விஞ்ஞானக் கதையில் நம்மைக் கொட்டாவி விட வைக்கும் பகுதி எதுவோ, அதை இந்தப் படம் ஒரே நசுங்கலில் தள்ளிவிட்டது. இரும்பைத் தின்கிறான், ஒடிந்தால் தானே சேர்ந்துகொள்கிறான் என்ற அளவு தெரிந்தால் போதும். அவ்வளவுதான் இதில் விஞ்ஞானம்.

மிச்சம் இருப்பது தர்மசங்கடம். காட்டில் ஒரு மானைப் பார்த்து ராட்சதன் விரல் நீட்டுகிறான். மானும் பயப்படாமல் அருகே வருகிறது. கொஞ்ச நேரத்தில் வேட்டைக்காரர்களின் குண்டுக்கு அது பலியாகிறது. விழுந்து கிடப்பதை எழுப்பப் பார்க்கிறான், எழவில்லை. சாவு என்றால் என்ன என்று ஒரு சிறுவன் ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு இன்னும் கொடிய விஷயம் தெரிகிறது. எந்தத் துப்பாக்கியைக் கண்டு அவன் கலங்கினானோ, அதன் ஜாதியைச் சேர்ந்தவன்தான் அவனும். யாராவது ஆயுதத்தை நீட்டினால் அவனை அறியாமலே கண் சிவக்கிறது. உடம்பிலிருந்து பீரங்கி புறப்படுகிறது. ஹோகார்த் கையில் இருந்த பொம்மைத் துப்பாக்கிக்கே அப்படி ஆகி, அருமைச் சிநேகிதனைக் கொன்றுவிட இருந்தான்.

நாம் எதற்காகச் செய்யப்பட்டோமோ அதுவாகவே இருந்து தீரவேண்டுமா? இதுதான் படத்தின் கேள்வி. குடிகாரனுக்குப் பிறந்த பிள்ளையும், கோபக்காரக் குடும்பத்தில் வளர்ந்த பெண்ணும் இதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டிருப்பார்கள். பெரிய நாவல்கள் பல இதன் மீதுதான் எழுந்திருக்கின்றன.

இதன் பின்னணியில் இரண்டு துக்கங்கள் உண்டு. மூலக்கதையை 1968-ல் புத்தகமாக வெளியிட்டவர் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ். தாயை இழந்த தம் குழந்தைகளுக்காகப் புனைந்த கதை அது. இயக்குநர் பேர்டின் சகோதரியோ துப்பாக்கிக்கு இரையானவர். துப்பாக்கிக்கு ஓர் ஆத்மா இருந்து, அது துப்பாக்கியாக இருக்க மறுத்தால் என்ன ஆகும் என்ற எண்ணத்தோடுதான் அவர் இந்தக் கதையை அணுகினார். மூலத்தில் பெரிதும் மாறுதல் செய்தாலும், இரும்புக்குள்ளே ஈரத்தை வைத்த காரியம் இருவருக்கும் பொது.

குறைகள் இல்லாமல் இல்லை. ராட்சதனைத் துரத்தும் அரசாங்க அதிகாரி மான்ஸ்லி வெறும் கோமாளி. பயம் ஒரு நல்ல மனிதனையும் கெடுக்கும் என்று காட்டியிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். பயத்தையெல்லாம் ஒரு கோழையின் தலையில் கட்டிவிட்டதால், ஊராரும் நாமும் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறோம். முடிவைப் பற்றியும் எனக்குச் சமாதானம் இல்லை. ஊரை நோக்கி வரும் அணுகுண்டு ஏவுகணையைத் தடுக்க ராட்சதன் தானே வானில் பாய்ந்து அதை எதிர்கொள்கிறான். அந்த இடத்தில் கண் கலங்காதவர் அபூர்வம். ஆனால் பிறகு ஐஸ்லாந்தின் பனியில் அவன் துண்டுகள் ஒன்றுகூட ஆரம்பிக்கின்றன. மானுக்கு இல்லாத சலுகை இவனுக்கு மட்டும் எதற்கு? குழந்தைகளுக்காக என்பார்கள். மானின் சாவைத் தாங்கிய குழந்தைகள் இதையும் தாங்கியிருப்பார்கள்.

வெளியான சமயத்தில் இந்தப் படம் தியேட்டர்களில் தோற்றது. பின்னால் வீடுகளில் பார்த்தவர்கள்தாம் இதற்கு வாழ்வு கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற படம்தான். இயந்திரங்களின் சாகசத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். டம்ளர் சத்தத்தில் மனசைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, ராட்சதனின் அந்த இரும்புக் காலடிச் சத்தத்திலும் அது கேட்கும்.