பாடச் சொல்லும் கவிதையும் பாடிய சிறுமியும்: ‘குழந்தைகளின் அழுகை’ – ஒரு மறுவாசிப்பு

எலிசபெத் பேரட் பிரௌனிங்கின் ‘குழந்தைகளின் அழுகை’ என்னும் ஆங்கிலக் கவிதை 1843 ஆகஸ்டில் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த சிறாரின் குரலாகவே இது வாசிக்கப்பட்டு வருகிறது. இவ்வாசிப்பு மறுபரிசீலனைக்குரியது.

குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய 1840இல் அமைக்கப்பட்ட அரசு விசாரணைக் குழுவின் அறிக்கைகளே கவிதைக்குத் தூண்டுதல். அக்குழுவில் துணை ஆணையராக இருந்த ஆர்.எச்.ஹார்ன் கவிஞரின் நண்பர். குழந்தைகள் அறிந்த இறைவேண்டல் இரண்டே சொற்கள் என்னும் செய்தி ஹார்னின் அறிக்கை வழி வந்ததெனக் கவிஞரே அடிக்குறிப்பில் சுட்டுகிறார். எனினும் அறிக்கையிலிருந்து கவிதை எடுத்துக்கொண்டது எது, விட்டுவிட்டது எது என்பது போதிய கவனம் பெறவில்லை.

சுரங்கங்கள் பற்றிய முதல் அறிக்கை 1842இல் வெளிவந்தது. யார்க்‌ஷயரின் காபர் சுரங்கத்தில் காற்றோட்டக் கதவைத் திறந்து மூடிய 8 வயதுச் சாரா கூடரின் வாக்குமூலம் அதில் உள்ளது. அதிகாலை 4 மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே, சுரங்கத்துக்குச் செல்லும் அவள் மாலை 5 மணிக்குப் பிறகே வெளிவருகிறாள். வேலை களைப்புத் தரவில்லை என்கிறாள். விளக்கின்றி இருப்பதே அவளுக்கு அச்சம். வெளிச்சம் இருந்தால் சில வேளை பாடுவாள். இருட்டில் பாடத் துணிவதில்லை. சுரங்கத்தைவிடப் பள்ளியே அவளுக்கு விருப்பம்.

கவிதையிலோ நிலை தலைகீழ். அங்கே பாட்டு பெரியவர் விடுக்கும் அழைப்பு. பறவைகளைப்போல் பாடுமாறு சொல்லப்படும் குழந்தைகள் அதை ஏற்பதில்லை. களைப்பே அவர்களுடைய முழு இயல்பாகிறது, சாவே ஆறுதலாகிறது. ‘நாங்கள்’ என்னும் தன்மைப் பன்மை, சுரங்கத்தையும் ஆலையையும் ஒரே துயராக உருக்கிவிடுகிறது. பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்த சட்டம் 1842 ஆகஸ்டிலேயே நிறைவேறிவிட்டது. சாராவைப் போன்ற சிறுமியரைப் பொறுத்தவரை, சட்டத்திற்கு ஓராண்டு பிந்திய கவிதை இது. திறனாய்வாளர் பலர் இக்காலவரிசையை எளிதாகக் கடந்துவிடுகின்றனர்.

அறிக்கையைக் கலப்பற்ற குரலெனக் கொள்வதும் பிழையாகும். அதிகாரியின் வினாக்கள் நீக்கப்பட்டு, விடைகள் மட்டும் தொடர்பேச்சாக அச்சேறியுள்ளன. இயேசுவைப் பற்றிச் சாரா சொல்பவை, சமய அறிவைச் சோதித்த வினா ஒன்று முன்னே இருந்ததைக் காட்டிக்கொடுக்கின்றன. பாட்டைப் பற்றிய செய்தியோ அத்தகைய எவ்வினாவுக்கும் உரிய விடையாகத் தோன்றவில்லை.