கடந்து போகிறவளும் உட்கார்ந்திருப்பவளும்

ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் வெளிக்கு ரயில்வே மொழியில் ஒரு பெயர் உண்டு: சர்க்குலேட்டிங் ஏரியா. ஆட்டோ வந்து திரும்பவும், இறங்கியவர்கள் உள்ளே போகவும், வெளியே வந்தவர்கள் கலைந்து செல்லவும் ஒதுக்கப்பட்ட இடம். ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அங்கே ஒருத்தி சாக்கை விரித்து உட்கார்ந்தால், அவள் எந்த விதியை மீறினாள் என்று தேடவே தேவையில்லை. இடத்தின் பெயரையே மீறியவள் ஆகிவிடுகிறாள். ரயில் நிலையச் சுற்றுப்புறங்களைப் புதுப்பிக்கும் திட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நெரிசல் நீக்கம், அழகுபடுத்தல், ஆக்கிரமிப்பு அகற்றம். இந்தச் சொற்களைப் பெண்களின் பக்கமிருந்து வாசித்துப் பார்க்கச் சென்னையில் மாம்பலத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருப் பக்கம் வெளியே வந்தால் முதலில் எதிர்ப்படுபவர்கள் துணிக்கடை முதலாளிகள் அல்லர், தரைக்கடைப் பெண்கள்தான். பூ, கீரை, ஹேர்பின், பாவாடை நாடா. கூடவே நறுக்கிக் கட்டிய காய்கறிப் பொட்டலங்களும் கிடைக்கும். ஆய்ந்த வாழைப்பூவும் நார் எடுத்த வாழைத்தண்டும் பொட்டலமாக விற்கும் நகரம், ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு ஏழரைக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டிய பெண்களின் நகரம். ஒருத்தியின் வீட்டு வேலையில் ஒரு பகுதியை இன்னொருத்தி தெருவோரத்தில் உட்கார்ந்து செய்து முடித்துக் கொடுக்கிறாள். இந்த வியாபாரம் ரயில் நேரத்தை ஒட்டியே நடக்கிறது. நிலையத்தின் வாசலைவிட்டு நூறடி தள்ளி வைத்தால் நடக்காது. திட்ட வரைபடத்தில் இந்த உறவுக்கு இடம் கிடையாது. அங்கே வாங்குகிறவள் 'பயணி', விற்கிறவள் 'இடையூறு'.

2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 570 மீட்டர் நீளம். அதைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளும், முட்டி தேய்ந்த பாட்டியும், சக்கர நாற்காலியில் வருபவளும் ரங்கநாதன் தெருவை எப்படிக் கடப்பார்கள் என்று அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. அந்தத் தெருவின் நெரிசல் பெண்களுக்கு ரம்மியமானதுமல்ல. கைப்பையை மார்போடு அணைத்து, முழங்கையைக் கூராக்கிக்கொண்டு நடக்கப் பழகாதவள் யார்? கூட்டம் என்றாலே இடிப்பதற்கான அனுமதி என்று நினைக்கும் ஆண்கள் அங்கே எப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். தெருவின் 'உயிர்ப்பு' பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இடிபடாத உடம்புக்காரர்கள்.

என்றாலும் மேம்பாலம் நமக்குக் கொடுப்பது ஒரே ஒரு வினைச்சொல்தான்: கட. ஏறு, நட, இறங்கு. பெண்ணைப் பொதுவெளியில் சேர்த்துக்கொள்வதற்கு இந்த நகரம் வைத்திருக்கும் நிபந்தனையும் அதுவே. நீ போகலாம், இருக்கக் கூடாது.

நெரிசலே நோய் என்று முடிவு செய்தால் வெறிச்சோடிய இடம் ஆரோக்கியமானதாகிவிட வேண்டும். அதற்குச் சென்னையிலேயே சோதனை நடந்தாயிற்று. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997இல் திருமயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்ட பறக்கும் ரயிலின் நிலையங்கள் பிரம்மாண்டமானவை. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று எழுப்பிய தளங்கள் பலவும் ஆளின்றிக் கிடந்தன. அங்கே இடிப்பவர் இல்லை, சாக்கு விரிப்பவரும் இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு அந்தக் கூடத்தின் நடுவே தன் செருப்புச் சத்தத்தைத் தானே கேட்டு நடக்கும் பெண், வாசலில் பூக்காரம்மாவின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமாவது இருக்காதா என்றுதான் ஏங்குவாள். நெரிசலில் நாம் அஞ்சுவது கையை. வெறுமையில் அஞ்சுவது உயிருக்கு. இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதும் மருத்துவரை நம்ப முடியாது.

'தெருவின் மேல் கண்கள்' என்ற கருத்தை 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் முன்வைத்தார். கடைக்காரரும் திண்ணையில் இருப்பவரும் தம்மையறியாமல் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் தெரு பாதுகாப்பாக இருக்கிறது, காவல் துறையால் மட்டுமல்ல என்றார். நகர அமைப்பு படிக்கும் நம் மாணவிகள் இதை வேதம்போல ஒப்பிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. நியூயார்க்கின் கண் வேறு, நம் ஊர்க்கண் வேறு. "உங்க பொண்ணை ஸ்டேஷன்ல ஒரு பையனோட பார்த்தேன்" என்று வீட்டுக்கு வந்து சொல்லும் கண்ணும் தெருவின் மேல் உள்ள கண்தான். அது பெண்ணைக் காப்பதில்லை. சாதியைக் காக்கிறது, குடும்பத்தின் பேரைக் காக்கிறது. ஆகவே எத்தனை கண்கள் என்பதோடு யாருடைய கண்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வருகிறவள் இரவில் தனியாக வருகிறாளே என்று நிமிர்ந்து பார்க்கும் பூக்காரம்மாவுக்கு அவள் அப்பாவின் விலாசம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் நிலைய நடைமேடையில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டப்பகல், ஆட்கள் இருந்தார்கள். கண்கள் இருந்தும் பயனில்லை என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. காலை நேர நடைமேடையில் இருந்தவர்கள் எல்லோரும் அடுத்த நிமிடம் ரயிலேறிப் போக வேண்டியவர்கள்; அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் என்று தன்னை நினைத்துக்கொள்ள அங்கே எவருக்கும் காரணம் இருக்கவில்லை. பிறகு பேச்சு முழுவதும் கேமராவைச் சுற்றியே நடந்தது. நிலையத்தில் கேமரா இல்லை என்பது உண்மைதான், இருந்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் கேமரா நடந்து முடிந்ததைக் காட்டும். "ஏய், யார்றா அவன்" என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய 'ஒய் லாய்ட்டர்' 2011இல் வந்தது. பெண் பொதுவெளியில் இருக்க வேண்டுமானால் ஏதோ ஒரு காரணத்தைச் சுமந்து காட்ட வேண்டியிருக்கிறது என்பதை அந்த நூல் தெளிவாகப் பிடித்தது. காரணமின்றிச் சும்மா நிற்கும் உரிமையைக் கேட்டது. நடுத்தர வர்க்கப் பெண்ணின் பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லித்தான் ஏழைகளும் இஸ்லாமிய ஆண்களும் தெருவிலிருந்து விரட்டப்படுகிறார்கள் என்றும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை நமக்கு இன்னும் தேவை. ஆனால் மாம்பலத்து வாசலில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருப்பவளிடம் போய்ச் சும்மா இருக்கும் உரிமை பற்றிப் பேசினால் சிரிப்பாள். அவள் சும்மா இருக்கவில்லை, கடந்தும் போகவில்லை. அவள் அங்கே வேலை பார்க்கிறாள். பெண்ணியம் அதிகம் பேசாத மூன்றாவது இருப்பு அது.

உட்காருவதுகூடப் பிரச்சினை இல்லை. பாண்டி பஜார் வியாபாரிகள் 2013இல் மாநகராட்சி வளாகத்துக்குள் மாற்றப்பட்டார்கள். 2019இல் அதே சாலை அகன்ற நடைபாதை வளாகமானது. இப்போது அங்கே இருக்கைகள் உண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம். பொருள் வாங்கிவிட்டு உட்காரலாம், விற்றபடி உட்காரக் கூடாது. ரங்கநாதன் தெருக் கடைகளுக்குள் நாள் முழுக்க நின்றே துணி விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாக வந்ததே 2021இல்தான்.

தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். கணக்கெடுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் முதல் பிரிவிலேயே ஒரு விலக்கு வைத்திருக்கிறது: ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் ரயில்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. மாநகராட்சித் தெருவில் கூடையை வைத்தவளுக்குக் கேட்பதற்கு ஒரு குழுவாவது உண்டு. ரயில்வே எல்லைக்குள் ஓரடி நகர்த்தி வைத்தவளுக்கு அதுவும் கிடையாது. எல்லை எங்கே ஓடுகிறது என்று தரையில் கோடு போட்டிருப்பதில்லை. கூடையை எட்டி உதைக்கும்போதுதான் தெரியவரும்.

நிலையச் சுற்றுப்புறத்தைப் புதுப்பிக்கிறவர்களிடம் கேட்கச் சிறிய கேள்விகள் இருக்கின்றன. வரைபடம் போடும் கூட்டத்துக்கு வாசலில் விற்கும் பெண்களில் யாரையாவது அழைத்தார்களா? விலக்கு இருந்தாலும் ரயில்வே நினைத்தால் தன் நிலத்தில் பத்தடி அகலத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாமே, ஏன் கொடுப்பதில்லை? நடைமேடைக் கழிப்பறைக்குப் போகக் கையில் டிக்கெட் வேண்டும். பொழுது முழுக்க அந்த வாசலிலேயே இருக்கும் பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கிறாள். வரப்போகும் புதிய முகப்பில் அவளுக்கான கழிப்பறை டிக்கெட் கேட்கும் வாயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?