பொறாமை ஒன்றன்று

'என்வி', 'ஜெலஸி' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'பொறாமை' என்றே பொருள் எழுதிச் செல்வது நம்மவர் வழக்கம். நாமும் மாணவர்க்குப் பல்லாண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தோம். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தைப் பயின்றபோதுதான் அப்பிழை நம்மை உறுத்திற்று.

பிறனிடம் உள்ளதைக் கண்டு வேகுவது 'என்வி'. தன்னுடையதைப் பிறன் கவர்வானோ என அஞ்சுவது 'ஜெலஸி'. முன்னதன் மூலமான லத்தீன் சொல் தீய நோக்கைக் குறிக்கும். நம் கண்ணேறு நினைவுக்கு வருகிறதல்லவா! அரபு கற்றோர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. முன்னது ஹஸத், பின்னது கைரத். இன்றைய ஆங்கிலேயரோ பேச்சில் இரண்டையும் கலந்தே வழங்குகின்றனர்.

காஸியோ பெற்ற பதவியைக் கண்டு புழுங்கும் இயாகோவிடம் உள்ளது ஹஸத். மனைவி தன்னை வஞ்சித்தாள் என மயங்கும் ஒத்தெல்லோவிடம் உள்ளது நெறிபிறழ்ந்த கைரத். இருவரையும் 'பொறாமைக்காரர்' என்றால், வலை விரித்தவனும் அதில் வீழ்ந்தவனும் ஒரே தட்டில் நிற்பர்; நாடகமே குலைந்துவிடும். இயாகோவும் தன் மனைவியை ஐயுறுகிறான் என்பது மெய்யே. ஆயினும் அவ்வையத்தை அவன் தன் வன்மத்துக்குக் காரணமாகத் தேடிக்கொண்டதாகவே நமக்குப் படுகிறது.

ஒத்தெல்லோவின் நிலைக்கு 'ஐயுறவு' என்பதும் முற்றும் பொருந்தாது. 'பறிபோகும் அச்சம்' என விரித்தெழுதினும் தாழ்வில்லை.