பீகிங் என்பது யாருடைய பிழை?

சில வருஷங்களுக்கு முன் தோழர் ஒருவர் தன்னுடைய பழைய மொழிபெயர்ப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியபோது மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. 'பீகிங் ரிவ்யூ' இதழிலிருந்து எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் செய்தவை. பீகிங் என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு பெய்ஜிங் என்று எழுதினேன். இதழின் பெயரைக்கூட விடவில்லை. 'பீகிங்கறது வெள்ளைக்காரன் வாயில நுழையாம வச்ச பேரு தோழர், பம்பாய் மும்பை ஆன மாதிரிதான் இதுவும்' என்று விளக்கம் வேறு. அவர் மறுக்கவில்லை. புத்தகமும் அப்படியே வந்துவிட்டது.

அந்தத் திருத்தம் தவறு. அதற்குப் பின்னால் நான் வைத்திருந்த காலனிய நீக்கக் கதையாடல் அதைவிடப் பெரிய தவறு. நம் வட்டாரத்தில் பலரிடமும் அந்தக் கதை இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளலாம். பீகிங் பெய்ஜிங் ஆனபோது அந்த ஊருக்கு யாரும் பெயர் மாற்றவில்லை. சீன எழுத்துகள் இரண்டும் அப்படியேதான் இருந்தன: வடக்கு, தலைநகர். மாறியது ரோமன் எழுத்தில் எழுதும் முறை மட்டுமே. 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறையை, 1979 ஜனவரி முதல் தேதியிலிருந்து தன் அயல்மொழி வெளியீடுகளில் கட்டாயமாக்கியது. 'பீகிங் ரிவ்யூ' 'பெய்ஜிங் ரிவ்யூ' ஆனது அப்போதுதான். அன்று காலை அந்த ஊரில் பேருந்துக்கு நின்றவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

உண்மையான பெயர் மாற்றங்கள் வேறு. 1403இல் யோங்லே பேரரசர் இந்தப் பெயரை வைத்தார். 1928இல் கோமின்டாங் தலைநகரை நான்ஜிங்குக்குக் கொண்டுபோனபோது, 'தலைநகர்' என்ற எழுத்தைப் பிடுங்கிவிட்டு 'அமைதி' என்ற எழுத்தை வைத்து பெய்பிங் ஆக்கினார்கள். 1949இல் மக்கள் குடியரசு அந்த எழுத்தைத் திரும்ப வைத்தது. அறுபதுகளில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் விடாப்பிடியாக பெய்பிங் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நாக்கு புரளாமல் இல்லை. ஜிங் என்றாலும் கிங் என்றாலும் அது தலைநகர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அரசியல் இருந்தது இங்கே. ஆக, நான் அடித்துத் தள்ளிய 'பீகிங்'தான் ரஸ்க் உச்சரிக்க மறுத்த சொல்.

சரி, அந்த 'கி' எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரனின் காது மந்தமாக இருந்ததால் வந்ததல்ல. இத்தாலிய ஜெசுயிட் மார்த்தினோ மார்த்தினி 1655இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நிலப்பட நூலில் பீகிங் என்ற எழுத்துக்கூட்டல் இருக்கிறது. அன்றைய மிஷனரிகள் கற்றது நான்ஜிங்கைச் சார்ந்த அதிகாரிகளின் பேச்சுமொழி. அதில் அந்த இடத்தில் ககரம்தான் ஒலித்தது. இகரத்துக்கு முன்னால் வந்த ககரம் வடக்கே பிற்பாடுதான் மெல்ல ஜகரமாகக் குழைந்தது. தெற்கே குழையவில்லை. கான்டனீஸ் பேசுபவர் இன்றைக்கும் ஏறக்குறைய 'பக்கிங்' என்கிறார். வியட்நாமியரின் 'பக் கிங்', ஜப்பானியரின் 'பெகின்' எல்லாவற்றிலும் ககரம் உட்கார்ந்திருக்கிறது. இவர்கள் யாரும் பிரிட்டிஷ்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை.

அப்படியானால் 'சரியான உச்சரிப்பு' என்று நாம் சொல்வது எது? புத்தோங்ஹுவா என்னும் பொதுமொழிக்கு பெய்ஜிங்கின் உச்சரிப்பே தரம் என்று ஐம்பதுகளில் அரசு வகுத்தது. தலைநகரின் நாக்கு தன் பெயரைத் தானே சொல்வதைத்தான் நாம் சீனாவின் ஒரே குரலாக எடுத்துக்கொள்கிறோம்.

பின்யின் விதிகளுக்குள்ளேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. உய்குர், மங்கோலிய, திபெத்திய ஊர்ப் பெயர்களை அந்தந்த மொழியின் ஒலிப்படி எழுத அரசு இடம் தந்தது. உரும்ச்சி என்கிறோம், சீன வாய்க்கு வந்தபடி 'வூலுமூச்சி' என்பதில்லை. ஆனால் கோடிக்கணக்கானோர் பேசும் கான்டனீஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. குவாங்ஜோ நகரத்தின் பெயரை அந்த ஊர்க்காரர் வீட்டில் சொல்கிறபடி எழுத முடியாது. ஹொக்கியன் ஒலியிலிருந்து வந்த அமோய் ஷியாமென் ஆகிவிட்டது. ஏனென்று கேட்டால், உய்குர் 'மொழி', கான்டனீஸ் 'வட்டார வழக்கு'. எது மொழி, எது வழக்கு என்று தீர்ப்பெழுதுவது யார் என்பது நமக்குப் பழகிய கேள்விதான். கான்டனீஸ் ஒலி உலகப் படத்தில் தப்பித்து நிற்பது ஹாங்காங்கில்; பிரிட்டிஷ்காரன் ஆண்ட இடத்தில்! 1997க்குப் பிறகும் அது ஆங்கிலத்தில் 'சியாங்காங்' ஆகவில்லை. காலனியம் அழித்தது, தேசம் மீட்டது என்ற நேர்கோட்டுக் கதை இங்கே உதவாது.

பீகிங்குக்கே திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. தன் ஊர்ப் பெயரை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு நாடு முடிவு செய்தால் மற்றவர்கள் ஏற்பதுதான் முறை. 1977இல் ஐ.நா. மாநாடு அதைத்தான் செய்தது. சண்டை 'சரி' என்ற சொல்லோடுதான்.

நம் பங்குக்கு நாம் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். செய்தி வாசிப்பவர்கள் 'பஸ்' என்பதற்குப் போடுகிற ஆங்கில 'பி'யைப் போட்டு பெய்ஜிங் என்கிறார்கள். ரோமன் எழுத்தில் 'பி' இருக்கிறதே! ஆனால் பின்யினில் அந்த எழுத்து குறிப்பது மூச்சு தள்ளாத, அதிராத பகரம். அட, அது நம்ம 'பல்'லில் வருகிற ப! அடுத்து வருவதும் 'பச்சை'யில் வருகிற ச்ச-வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெய்ச்சிங் என்று எழுதி, தமிழாகவே வாசித்தால் போதும். கிரந்த ஜகரம்கூட வேண்டாம். வெள்ளைக்காரன் பெயரை நீக்குகிறேன் என்று கிளம்பி வெள்ளைக்காரன் உச்சரிப்பில் போய் விழுந்திருக்கிறோம்.

தோழரின் புத்தகம் மறுபதிப்பு வரப்போகிறது. 1979க்கு முந்தைய கட்டுரைகளில் பீகிங் என்றே போட்டுவிடுங்கள் என்று சொன்னேன். 'நீங்கதானே மாத்தினீங்க' என்றார். ஆமாம், நான்தான். அறுபத்துச் சொச்சம் இடங்கள். மறுபடி உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன்.