மூன்று கோடி சொற்களை எண்ணியது யார்?

குழந்தை வளர்ப்பு பற்றி இணையத்தில் எதைப் படித்தாலும் ஒரு எண் எப்படியாவது வந்து முன்னால நிக்கும். ஏழை வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே, வசதியான வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்டிருக்கும் என்பது. அதனால்தான் படிப்பில் பின்தங்குகிறது, அதனால் அம்மாக்களே, பேசுங்கள், இன்னும் பேசுங்கள். வாட்ஸ்அப் அறிவுரை முதல் கல்வி மாநாட்டு ஸ்லைடு வரை இதேதான்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரே ஒரு ஆய்வில் போய் நிற்கிறது. அந்த ஆய்வை இன்னிக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். ஆய்வாளர்களைத் திட்டுவது நோக்கமில்லை. அவர்கள் செய்தது கடினமான வேலை. ஆனால் அந்த வேலை தாங்கக்கூடிய பாரம் வேறு, அதன் தலையில் ஏற்றப்பட்ட பாரம் வேறு.

ஆய்வு செய்தவர்கள் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி. 1960களில் கன்சாஸ் நகரின் ஏழைப் பகுதி ஒன்றில் மழலையர் பள்ளி நடத்தியவர்கள். குழந்தைகளுக்குப் புதுச் சொற்கள் கற்றுக் கொடுத்தார்கள், குழந்தைகளும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. அப்படியானால் பள்ளிக்கு வருவதற்கு முன்பு வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். நேர்மையான கேள்வி. 42 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆனதிலிருந்து மூன்று வயது வரை, மாதம் ஒரு மணி நேரம் வீட்டுக்கே போய் எல்லாப் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தார்கள். மொத்தம் 1,300 மணி நேரத்துக்கு மேல். அதை எழுத்தாக்கி எண்ணி முடிக்கப் பல வருஷம் ஆச்சு. புத்தகம் 1995இல் வந்தது.

கிடைத்த விடை இது. படித்த, உயர் வேலையில் இருந்த பெற்றோரின் வீட்டில் குழந்தை மணிக்குச் சராசரியாக 2,153 சொற்கள் கேட்டது. தொழிலாளர் வீட்டில் 1,251. அரசு உதவித்தொகையில் வாழ்ந்த வீட்டில் 616.

இதுவரைக்கும் பதிவு செய்த விஷயம். இனிமேல்தான் பெருக்கல்.

வாரத்துக்கு 100 மணி நேரம் குழந்தை விழித்திருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு 5,200 மணி. நான்கு வருஷத்துக்கு 20,800 மணி. நீங்களும் போட்டுப் பாருங்க: 2,153ஐ அதால் பெருக்கினால் சுமார் 4 கோடியே 48 லட்சம், 616ஐப் பெருக்கினால் சுமார் 1 கோடியே 28 லட்சம். வித்தியாசம் 3 கோடியே 20 லட்சம். அவ்வளவுதான். யாரும் மூன்று கோடி சொற்களை எண்ணவில்லை. ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 30 மணி நேரம் கேட்டார்கள், மிச்சத்தைக் கணக்குப் போட்டு நிரப்பினார்கள்.

மாதிரி எடுத்துப் பெருக்குவது தப்பில்லை, எல்லா ஆய்விலும் உண்டு. ஆனால் இங்கே இரண்டு சிக்கல். முதலாவது, நான்காம் வயசை அவர்கள் பார்க்கவே இல்லை. பிறந்த முதல் சில மாதங்களையும் பார்க்கவில்லை. இரண்டும் கணக்கில் இருக்கின்றன. 2003இல் அவர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பு மூன்று வயதுக்குள் இந்த இடைவெளி என்று சொல்கிறது, உள்ளே இருக்கிற கணக்கோ நான்கு வருஷத்துக்கானது. இரண்டாவது, பெற்றோர் வீட்டில் இருந்து, ஒரு வெளியாள் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம்தான் 14 மணி நேர நாளுக்கும் அளவுகோல். அந்நியர் முன்னால் சிலர் நிறையப் பேசுவார்கள், சிலர் அடங்கிப் போவார்கள். யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதில் வர்க்கத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியுமா?

இதைவிடப் பெரிய விஷயம் ஆள் எண்ணிக்கை. 42 குடும்பங்களில் உதவித்தொகை வாங்கிய குடும்பங்கள் எத்தனை தெரியுமா? ஆறு. ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். ஒரே ஊர்ப் பகுதி. அந்த ஆறு வீடுகள்தான் இன்று உலகத்தின் எல்லா ஏழை வீடுகளுக்கும் பிரதிநிதி.

2019இல் டக்ளஸ் ஸ்பெர்ரியும் குழுவும் ஒரு மறுபரிசோதனையை வெளியிட்டார்கள். அலபாமா, பால்டிமோர், சிகாகோ, இண்டியானா ஆகிய இடங்களில் ஐந்து சமூகங்கள், அங்கேயும் 42 குழந்தைகள். ஒரே வர்க்கத்துக்குள்ளேயே சமூகத்துக்குச் சமூகம் பெரிய வித்தியாசம் இருந்தது. அலபாமாவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் ஹார்ட்-ரிஸ்லியின் ஆறு குடும்பங்களைவிட மிக அதிகமாகக் குழந்தையோடு பேசின. அதோடு, அம்மா மட்டுமில்லாமல் வீட்டில் மற்றவர்கள் பேசியதையும், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது பெரியவர்கள் தங்களுக்குள் பேசியதையும் சேர்த்தால் எண்ணிக்கை சில சமூகங்களில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது.

இதற்குப் பதிலும் வந்தது, அதையும் சொல்லணும். ராபர்ட்டா கோலின்காஃப், எரிக்கா ஹாஃப் உள்ளிட்ட மொழி வளர்ச்சி ஆய்வாளர்கள், காதில் விழும் பேச்சும் குழந்தையைப் பார்த்துப் பேசும் பேச்சும் ஒன்றில்லை, பின்னதில்தான் சிறு குழந்தைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்றார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த வாதம் எல்லா ஊருக்கும் பொருந்துமா? மெக்சிகோவில் செல்தால் மாயா கிராமம் ஒன்றில் மரிசா கசியாஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையை நேராகப் பார்த்துப் பேசும் பேச்சு மணிக்கு நான்கு நிமிஷம்கூட இல்லை. இருந்தும் முதல் மழலையும் முதல் சொற்களும் மற்ற ஊர்க் குழந்தைகளைப் போலவே உரிய காலத்தில் வந்தன.

எண்ணுக்கே வருவோம். 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில் குழந்தையின் சட்டையில் பொருத்தும் கருவி வழியாக 329 குடும்பங்களின் பேச்சை நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். நான்கு வயதுக்குள் சேர்ந்த இடைவெளி சுமார் 40 லட்சம். அளந்த விதம் வேறு, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் மூன்று கோடி எங்கே, 40 லட்சம் எங்கே! இடைவெளியே இல்லை என்பதல்ல என் வாதம். இருக்கிறது. அதன் அளவும், அதற்கு நாம் சொல்லும் காரணமும்தான் கேள்வி.

தமிழில் இந்த எண்ணைப் பரப்புகிறவர்கள் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி உண்டு. சொல் என்றால் என்ன? 'ஐ வில் நாட் கம்' ஆங்கிலத்தில் நான்கு சொல். 'வரமாட்டேன்' நமக்கு ஒரே சொல். 'சாப்டியா?' என்று ஒரு அம்மா கேட்டால் ஒன்று, 'டிட் யூ ஈட்' என்றால் மூன்று. 'போகணுமாம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போவது, கட்டாயம், வேறு யாரோ சொன்னது என்று மூன்று சங்கதி இருக்கிறது. ஆங்கில வீட்டில் எண்ணிய எண்ணைக் கொண்டுவந்து தமிழ் அம்மா முன்னால் வைப்பது, லிட்டரில் அளந்ததைக் கிலோவில் கேட்பது மாதிரி.

சரி, எல்லாம் கழித்த பிறகு எது மிஞ்சுகிறது? எண்ணிக்கையைவிட, மாறி மாறிப் பேசுவது முக்கியம் என்ற கருத்து. 2018இல் ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயதுள்ள 36 குழந்தைகளைப் பார்த்தார்கள். பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதற்கும், கதை கேட்கும்போது மூளையின் மொழிப்பகுதி இயங்கியதற்கும் தொடர்பு இருந்தது. குடும்ப வருமானத்தையும் சொற்களின் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. 36 பேர்தான், தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. ஹார்ட்-ரிஸ்லிக்கு வைத்த தராசை இதற்கும் வைக்கணும். ஆனால் திசை நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

எனக்கு உறுத்துவது புள்ளிவிவரம் மட்டுமில்லை. 2013இல் பிராவிடன்ஸ் நகரம் இந்த இடைவெளியை நிரப்பும் திட்டத்துக்காக 50 லட்சம் டாலர் பரிசு வாங்கியது. ஏழைத் தாயின் வாயில் சொல் குறைவு என்று முடிவு கட்டிவிட்டால், தீர்வு அவளுக்குப் பாடம் எடுப்பதாகத்தான் இருக்கும். அவளுடைய வேலை நேரம், கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் பேச்சிலிருந்தே மறைந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆய்வு நம்ம ஊரிலேயே நடந்தது. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு அரைநாள் பணியாளரைக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில், மையத்தில் தொடர்ந்த குழந்தைகளின் கணக்கு மதிப்பெண் 0.29 திட்டவிலக்கம், மொழி மதிப்பெண் 0.46 திட்டவிலக்கம் உயர்ந்தது. வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. எந்த அம்மாவையும் யாரும் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே சமையல், பதிவேடு, தடுப்பூசி என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு பணியாளருக்குத் துணையாக ஒரு ஆள் வந்தார், அவ்வளவுதான். ஆறு வீட்டு எண் உலகம் முழுக்கப் போச்சு. 640 மையத்து எண்ணை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்?

குழந்தையோடு பேசுங்க. அதுக்கு எந்த ஆய்வும் வேண்டாம், அது நல்ல விஷயம். ஆனா அடுத்த தடவை அந்த மூன்று கோடி உங்க போனுக்கு வந்தா, அனுப்பினவர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. எத்தனை வீட்டில் பார்த்தாங்க? யாரோட பேச்சை எண்ணினாங்க? எந்த மொழியில்?